புதுத் தொட்டியில் பால் போன்ற தண்ணீர்



நமது இதழில் நான் இதுவரை எழுதியவை வற்றல், மல்லி, பருப்பு வரத்து பற்றியும், தராசு முத்திரை பற்றியும்தான். இந்த முறை மீன் தொட்டி பற்றி எழுதப் போகிறேன் என்றதும் சங்க அலுவலகத்தில் சிரித்தார்கள். மதுரை கீழமாசி வீதியில் ஒரு மாலை நேரம் நடந்து பார்த்தால் சிரிக்க மாட்டார்கள். நகைக்கடையிலும் ஓட்டலிலும் மட்டும் இருந்த மீன் தொட்டி இன்று பலசரக்குக் கடைக் கல்லாவுக்குப் பக்கத்திலும் வந்துவிட்டது. சிலர் வாஸ்து என்று வைக்கிறார்கள். சிலர் வரும் பிள்ளைகள் வேடிக்கை பார்க்கட்டும் என்று வைக்கிறார்கள். வைத்தவர்களில் பலர் இரண்டு மாதத்தில் மீனும் செத்து, மனமும் விட்டு, தொட்டியைத் தூக்கிப் பரண்மேல் போட்டுவிடுகிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு கடைக்காரர் அதில் கடலை மிட்டாய் அடுக்கி விற்கிறார். அதுவும் பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கிறது.

நானும் அப்படி விட்டவன்தான். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

2022 ஆவணியில் என் இளைய மகன் தனியாகச் சில்லறைக் கடை ஆரம்பித்தான். முன்பணமே பெரிய தொகை. திறப்பு விழாவுக்கு முதல் நாள், கடைக்கு ஒரு மீன் தொட்டி இருக்கட்டும் என்று நானே போய் வாங்கி வந்தேன். இரண்டு அடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். காற்று மோட்டார், ஸ்பாஞ்ச் பில்டர், விளக்கு, வண்ணக் கல், பிளாஸ்டிக் செடி எல்லாமாக ஐயாயிரத்துச் சொச்சம் ஆயிற்று. கூடவே எட்டு சிவப்பு கோல்டு பிஷ், ஒரு கறுப்பு கோல்டு பிஷ். ஒன்பதுதான் ராசி என்று விற்றவர் சொன்னார். மறுநாள் காலை ஐந்து மணிக்குத் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, ஆறு மணிக்கு மீனை விட்டு, ஏழு மணிக்குக் குத்துவிளக்கு ஏற்றினோம்.

வெள்ளிக்கிழமை திறப்பு. ஞாயிறு மாலை தண்ணீரில் லேசாகப் புகை படிந்தது போல் இருந்தது. திங்கள் காலை பார்த்தால் பால் கலந்த மாதிரி ஆகிவிட்டது. பின்பக்கத்துச் செடி தெரியவில்லை. எந்த வணிகனும் செய்வதை நாங்களும் செய்தோம். கடை புதிது, வாசலில் அழுக்குத் தண்ணீரா? தண்ணீர் முழுவதையும் இறைத்துவிட்டு, கல்லைச் சோப்புத்தூள் போட்டுத் தேய்த்து, ஸ்பாஞ்சைக் குழாயடியில் பிழிந்து அலசி, புதிதாகக் குழாய்த் தண்ணீர் நிரப்பினோம். அன்று முழுவதும் கண்ணாடி போல் இருந்தது. புதன்கிழமை மறுபடி பால்.

நம் கையில்தான் சரக்கு இருக்கிறதே என்று படிகாரத்தில் கொட்டைப்பாக்கு அளவு ஒரு கட்டியை எடுத்துக் கலக்கிவிட்டேன். வீட்டில் பெரியவர்கள் தேற்றாங்கொட்டையை உரைத்து ஆற்றுத் தண்ணீரைத் தெளிய வைத்ததைப் பார்த்து வளர்ந்தவன் நான். தண்ணீர் கொஞ்சம் தெளிந்தது. ஆனால் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. வியாழன் இரண்டு, வெள்ளி மூன்று, சனி மூன்று என்று செத்தன. கறுப்பு மட்டும் மிஞ்சியது.

செத்தது ஐந்தாயிரம் ரூபாய்ச் சாமானில் ஒரு பகுதிதான். அதோடு போயிருந்தால் நான் இதை எழுத மாட்டேன். கடை திறந்து எட்டே நாளில் எட்டு மீன் செத்தது என்றதும் வீட்டில் பேச்சு கிளம்பிவிட்டது. இடம் ராசியில்லை என்று சம்பந்தி வீட்டில் சொன்னார்கள். வாசலை மாற்றி வைக்கவேண்டும், ஷட்டரைக் கிழக்கே திருப்பவேண்டும் என்று ஒருவர் வந்து பார்த்துச் சொல்லி, அதற்குக் கொத்தனாரிடம் கணக்கும் கேட்டாயிற்று. நாற்பதாயிரம். இடத்தையே விட்டுவிடலாமா என்று மகன் என்னிடம் கேட்டான். கடன் வாங்கித் தொழில் தொடங்கிய பையன் முகத்தில் அந்த வாரம் பார்த்ததை நான் மறக்க மாட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் என் தங்கை மகன் கடை பார்க்க வந்தான். தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியில் படித்தவன். தொட்டியைக் குனிந்து பார்த்தான், மோந்து பார்த்தான், பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"ராத்திரி கடையடைக்கும்போது மெயின் சுவிட்சை ஆப் பண்ணுவீங்களா மாமா?"

"பண்ணாம? தீ விபத்துக்குப் பயந்து நாப்பது வருஷமா பண்றோமே!"

"மோட்டாரும் சேர்ந்துல்ல நின்னுபோகும்" என்றான்.

அதன் பிறகு ஒரு மணி நேரம் உட்கார்ந்து சொன்னான். அவன் சொன்னதையும், பிறகு நான் கேட்டும் படித்தும் பட்டும் தெரிந்துகொண்டதையும் இங்கே தருகிறேன்.

கலங்கல் எல்லாம் ஒன்றல்ல

வற்றலில் நிறம் மங்கினால் ஈரமா, பழசா, பூஞ்சையா என்று நாம் பார்த்துச் சொல்கிறோம் அல்லவா? தண்ணீரும் அப்படித்தான். நிரப்பிய அன்றே சாம்பல் நிறமாகவோ மண் நிறமாகவோ கலங்கினால் அது கல்லில் இருந்த தூசு. கடையில் வாங்கும் கல்லை வாளியில் போட்டு, அலசிய தண்ணீர் தெளிவாக வரும்வரை பத்துப் பதினைந்து தடவை கூட வெறும் தண்ணீரில் அலசவேண்டும். சோப்பு கூடவே கூடாது. நிரப்பும்போது அடியில் ஒரு தட்டு வைத்து அதன்மேல் ஊற்றினால் கல் கிளறாது.

போர் தண்ணீர் நிரப்பியதும் வெண்மையாகத் தெரிந்து சில மணி நேரத்தில் தெளிந்தால் அது காற்றுக் குமிழி, கவலை வேண்டாம். கடினத்தன்மை அதிகமுள்ள நீரில் சுண்ணாம்பு பிரிந்தும் வெண்மை வரலாம். பச்சையாக மாறினால் அது பாசி. தொட்டியில் வெயில் விழுகிறது என்று அர்த்தம், இடத்தை மாற்றவேண்டும்.

எங்கள் தொட்டியில் வந்தது இவை எதுவும் அல்ல. இரண்டு மூன்று நாள் கழித்து, மெல்ல மெல்ல, பால் போல் வருவது நுண்கிருமிகளின் பெருக்கம். மீன் போடும் கழிவு, தின்னாமல் மிஞ்சிய தீனி, இவை தண்ணீரில் கரைந்தவுடன் அவற்றைத் தின்னும் கிருமிகள் கோடிக்கணக்கில் பெருகுகின்றன. அந்தக் கூட்டம்தான் நம் கண்ணுக்குப் பாலாகத் தெரிகிறது. மீனை அவை கடிப்பதில்லை. ஆனால் தண்ணீரில் உள்ள பிராணவாயுவை அவையும் மூச்சுக்கு எடுத்துக்கொள்கின்றன. பகலில் மோட்டார் ஓடுகிறது, சமாளிக்கிறது. இரவு பத்து மணிக்கு நாங்கள் மெயினை அணைத்ததும் மீனுக்குக் காற்றுப் பஞ்சம். போதாததற்கு நம் ஊர் வெக்கை. தண்ணீர் சூடாக ஆக அதில் தங்கும் காற்றும் குறைவு. கடையடைக்கும் ஒழுங்கை மகனுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான்தான்.

வேலையாள் சேராத கடை

பால் நிறம் பயப்பட வேண்டிய சங்கதி அல்ல. அதே நாட்களில் கண்ணுக்குத் தெரியாமல் ஏறும் நஞ்சுதான் ஆபத்து. மீன் மூச்சுவிடும்போதே செவுள் வழியாக அமோனியா வெளியேறுகிறது. அழுகும் தீனியிலிருந்தும் அமோனியா வருகிறது. இது தேங்கினால் மீனின் செவுள் புண்ணாகும்.

பழைய தொட்டியில் இந்த அமோனியாவை ஒருவகைக் கிருமிகள் நைட்ரைட் ஆக மாற்றும். அதுவும் நஞ்சுதான், மீனின் ரத்தம் பிராணவாயுவைச் சுமக்கவிடாமல் செய்யும். மற்றொரு வகைக் கிருமிகள் அதை நைட்ரேட் ஆக மாற்றும். நைட்ரேட்டை மீன் ஓரளவு தாங்கும், வாராவாரம் கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் போதும். 1890 வாக்கிலேயே வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்ய விஞ்ஞானி இந்தக் கிருமிகளைப் பிரித்தெடுத்துக் காட்டிவிட்டாராம். 2022 வரை எனக்குத் தெரியாமல் போனது என் குறை.

இந்த உதவிக் கிருமிகள் தண்ணீரில் மிதப்பதில்லை. கல்லிலும், கண்ணாடியிலும், எல்லாவற்றுக்கும் மேலாக ஸ்பாஞ்சிலும் ஒட்டி வாழ்கின்றன. அவை மெதுவாகப் பெருகுபவை. அழுகலைத் தின்னும் கிருமி ஒரு மணி நேரத்துக்குள் இரண்டாகிவிடக்கூடியது. நஞ்சை மாற்றும் கிருமி இரட்டிப்பாவதற்கு அரை நாள், ஒரு நாள், சில சமயம் அதற்கு மேலும் பிடிக்கும். ஆகவே புதுத் தொட்டி முழுமையாக வேலைக்கு வருவதற்கு நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். என் மருமகன் சொன்ன உதாரணம், "வேலையாள் ஒருத்தரும் சேராத கடைக்கு முதல் நாளே ஒன்பது லாரி லோடு இறக்கின மாதிரி மாமா." நாங்கள் அதற்கும் மேல் போனோம். சேர்ந்த ஓரிரு ஆளையும் திங்கட்கிழமை சோப்புப் போட்டுக் கழுவித் துரத்திவிட்டோம். குழாய்த் தண்ணீரில் கலக்கும் குளோரின் மீதியைப் பார்த்துக்கொண்டது. மீனின் செவுளையும் அது சுடும்.

படிகாரம் பற்றிக் கேட்டேன். மண் கலங்கலைப் படிகாரம் திரட்டி அடியில் படிய வைக்கும், தேற்றாங்கொட்டையும் அதே வேலைதான் செய்யும். குடத்துத் தண்ணீருக்கு அது சரி. தொட்டியில் கலங்கலைத் திரட்டினாலும் அமோனியா அப்படியே இருக்கும். படிகாரம் அளவு மிஞ்சினால் தண்ணீரின் தன்மையே மாறிப் புளிப்பு ஏறும், அலுமினியம் செவுளில் படியும். நான் போட்டது ஐம்பது லிட்டருக்கு மிஞ்சிய அளவுதான்.

அளவு என்றதும் ஒரு கணக்கு. தொட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் லிட்டர் வரும். இரண்டடித் தொட்டி விளிம்பு வரை நிறைந்தால் சுமார் 57 லிட்டர், கல்லும் இடைவெளியும் போக 45 லிட்டர் வரை நிற்கும். எடை ஒரு சீனி மூட்டைக்கு மேல் வரும், பலகை உறுதியாக இருக்கட்டும். கோல்டு பிஷ் கழிவு அதிகம் போடும் ஜாதி. ஒரு மீனுக்கே நாற்பது லிட்டர் வேண்டும் என்பது வளர்ப்பவர்கள் பொதுவாகச் சொல்வது. நாங்கள் விட்டது ஒன்பது! பழகிய தொட்டியாக இருந்தாலும் அது தாங்கியிருக்காது.

நம் பக்கத்து போர் தண்ணீரில் இன்னொரு சங்கடம் உண்டு. காரத்தன்மையைக் குறிக்கும் பி.எச். அளவு 7-லிருந்து 8 ஆக ஏறினால் அமோனியாவில் மீனைக் கொல்லும் பங்கு ஏறத்தாழ பத்து மடங்காகிறது. அதனால்தான் ஒரே அழுக்குக்கு ஓர் ஊரில் மீன் பிழைக்கிறது, இன்னோர் ஊரில் சாகிறது.

கையைக் கட்டிக்கொண்டு இருப்பது

மறுபடி ஆரம்பித்தபோது செய்ததைச் சொல்கிறேன். கறுப்பு மீனை மருமகன் தன் வீட்டுப் பழைய தொட்டிக்குக் கொண்டுபோனான். அங்கிருந்து ஓராண்டு ஓடிய ஸ்பாஞ்ச் ஒன்றை, அதே தொட்டித் தண்ணீர் நிறைந்த பையில் போட்டு, காயவிடாமல் கொண்டுவந்து எங்கள் தொட்டியில் மாட்டினான். நூறு வேலையாளை ஒரே நாளில் சேர்த்த மாதிரி அது. பழைய தொட்டி வைத்திருப்பவர் யாரிடமாவது இப்படி ஒரு ஸ்பாஞ்சோ ஒரு கைப்பிடிக் கல்லோ கேட்டு வாங்குவதுதான் காசில்லாத நல்ல மருந்து. அவர் தொட்டியில் நோய் இல்லை என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

குழாய்த் தண்ணீரை வாளியில் ஒரு நாள் முழுக்கத் திறந்து வைத்து ஊற்றினோம். அவசரத்துக்குக் குளோரின் நீக்கும் சொட்டு மருந்து மீன் கடைகளில் கிடைக்கிறது. மோட்டாருக்கும் பில்டருக்கும் கல்லாப் பக்கத்தில் தனி இணைப்பு போட்டு, மெயினை அணைத்தாலும் அது இருபத்து நான்கு மணி நேரமும் ஓடும்படி எலக்ட்ரீசியனை வைத்துச் செய்தோம். பிறகு இரண்டே இரண்டு மோலி மீன். விலை குறைவு, உப்புத் தண்ணீரையும் தாங்கும்.

நான்காம் நாள் மறுபடி லேசாகப் பால் படர்ந்தது. மகன் வாளியை எடுத்துவிட்டான். நான் அவன் கையைப் பிடித்தேன். கையைக் கட்டிக்கொண்டு உட்காருவது கடை வேலையிலேயே கடினமான வேலை. வருகிறவர்கள் எல்லாம் "என்ன அண்ணாச்சி, தண்ணி மாத்தலையா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். ஏழாம் நாள் மெலிந்தது. பத்தாம் நாள் காலை ஷட்டரைத் தூக்கியபோது பின்பக்கத்துச் செடி தெரிந்தது. யாரும் எதுவும் செய்யவில்லை, தானாகவே தெளிந்தது. சில தொட்டிகளில் இது இரண்டு வாரம் கூட நீடிக்கும்.

தண்ணீரை மாற்றவே கூடாதா என்றால், கலங்கலுக்காக மாற்றாதீர்கள், நஞ்சுக்காக மாற்றுங்கள். மீன் மேலே வந்து மூச்சு வாங்கினாலோ, துடுப்பைச் சுருக்கிக்கொண்டு மூலையில் நின்றாலோ, கால் பங்கு தண்ணீரை எடுத்துவிட்டுக் குளோரின் நீங்கிய தண்ணீரை ஊற்றவேண்டும். தேவைப்பட்டால் மறுநாளும் அப்படியே. அமோனியா, நைட்ரைட் இரண்டையும் பார்க்கும் சோதனைச் சொட்டுகள் விற்கின்றன, ஒருமுறை வாங்கினால் பல மாதம் வரும். கண்ணாடி போல் தெளிந்த தண்ணீரிலும் நஞ்சு இருக்கலாம் என்பதால் கண்ணை நம்பாமல் அதை நம்புவது நல்லது. நைட்ரைட் ஏறியிருந்தால் அயோடின் கலக்காத கல்லுப்பு பத்து லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி கரைத்துவிட்டால் கோல்டு பிஷ், மோலி போன்றவற்றுக்கு அந்த நஞ்சு ஏறுவது குறையும். ஸ்பாஞ்ச் அடைத்துக்கொண்டால் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பிழியவேண்டும், குழாயடியில் அல்ல.

இனி நம் கடைகளுக்கே உரிய இரண்டு விஷயங்கள்.

ஒன்று பொரி. தெப்பக்குளத்து மீனுக்குப் பொரி போட்டுப் பழகிய ஜனங்கள் நாம். பலசரக்குக் கடையில் பொரியும் உடைத்த கடலையும் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கும். வரும் பிள்ளைகள் ஆளுக்கு நாலு போட்டால் மாலைக்குள் ஒரு பிடி சேர்ந்துவிடும். முதல் வாரக் கலங்கலுக்குப் பாதிக் காரணம் அதுதான் என்று இப்போது நினைக்கிறேன். குளம் பெரிது, தாங்கும். தொட்டி தாங்காது. புதுத் தொட்டிக்கு ஒருநாள் விட்டு ஒருநாள், இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு ஒரு சிட்டிகை போதும். மீன் பட்டினியால் சாவது அபூர்வம். தொட்டிக்குக் கண்ணாடி மூடி போட்டு, தீனி டப்பாவைக் கல்லாவுக்குள் வைத்துவிட்டோம்.

இன்னொன்று பூச்சி மருந்து. காற்று மோட்டார் கடைக்குள் இருக்கும் காற்றைத்தான் இழுத்துத் தண்ணீருக்குள் தள்ளுகிறது. கரப்பான் மருந்து அடித்தால் அதுவும் போகும். அந்த மருந்துகளில் பலவும் மனிதனைவிட மீனுக்குப் பல மடங்கு கொடியவை. கிட்டங்கியில் புகை மாத்திரை வைக்கும் நாளில் தொட்டி அதே கட்டடத்தில் இருக்கவே கூடாது. கொசுவர்த்தி, சாம்பிராணியையும் மோட்டாரிலிருந்து தள்ளி வையுங்கள்.

தொட்டி தெளிந்த பிறகு ஆறு வாரம் கழித்து இன்னும் நாலு மீன் வாங்க, வேறு ஒரு கடைக்குப் போனேன். வயதில் சின்னவர். எத்தனை லிட்டர், எத்தனை நாள் ஆயிற்று, என்ன மீன் இருக்கிறது என்று கேட்டார். "இப்ப ரெண்டு எடுத்துட்டுப் போங்கய்யா, பத்து நாள் கழிச்சு மீதி ரெண்டுக்கு வாங்க" என்றார். நாலு மீனின் விலையைக் கையில் நீட்டியபடி நின்றேன், இரண்டின் விலையைத்தான் எடுத்துக்கொண்டார். முதல் கடைக்காரர் ஒரே நாளில் என்னிடம் ஐயாயிரம் பார்த்தார், அதன் பின் நான் அந்தப் படி ஏறவில்லை. இவரிடம் இன்றுவரை தீனியும் மீனும் வாங்குகிறேன், நான் அனுப்பிய நம் சங்க உறுப்பினர்களே ஐந்தாறு பேர் இருப்பார்கள். தொட்டி, மீன் உணவு வகைகளைக் கடையில் ஒரு பக்கமாக வைத்து விற்கலாமா என்று யோசிக்கும் அன்பர்கள் இந்தச் சங்கதியைக் கவனிக்கவேண்டும். தொட்டியை இன்று விற்று, மீனை அடுத்த மாதம் விற்க முடியுமானால் வையுங்கள்.

கொத்தனார் வரவில்லை. ஷட்டர் பழைய திசையிலேயே இருக்கிறது. சம்பந்தி வீட்டார் பொங்கலுக்கு வந்தபோது தொட்டியைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இப்போது அதில் ஆறு மோலிகள், கணக்கில் வராத குஞ்சுகள் சில. கறுப்பு கோல்டு பிஷ் மருமகன் வீட்டிலேயே பெரிதாகிவிட்டது, திருப்பித் தரமாட்டேன் என்கிறான். ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு வாளி தண்ணீர் எடுப்பதும் ஒரு வாளி ஊற்றுவதும் என் பொறுப்பு. எடுத்த தண்ணீரைக் கடை வாசலில் இருக்கும் துளசிக்கு விடுகிறேன்.